கன்னிமார் அசோசியேட்ஸில் நாற்பத்தைந்து நாள்

முள்ளிக்கரைக்குக் கிழக்கே அருப்புக்கோட்டை ரோட்டில் இருக்கிற தொழிற்பேட்டையில் பதிமூன்று மனைகள்தான் உண்டு என்பதும், பதிமூன்றாவது மனையில் பூட்டிக் கிடக்கும் ஐஸ் கம்பெனிக்கும் அதற்கப்பாலுள்ள மதிலுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கலாமே தவிரப் புரண்டு படுக்க முடியாத ஒரு சந்துதான் உண்டு என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மே மாதம் பதினேழாம் தேதி விடிந்தபோது அந்தச் சந்துக்குள் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று, ஐஸ் கம்பெனிச் சுவரை இடிக்காமல், மதிலை நகர்த்தாமல், வெள்ளையடித்து, கேட் போட்டு, வாசலில் காவலாளியோடு நிற்கக் கண்ட ஜனங்கள் அது எப்படி வந்தது என்று கேட்கவில்லை, உள்ளே ஆள் எடுக்கிறார்களா என்றுதான் கேட்டார்கள். நூற்பாலை மூடி ஒன்பது வருஷம் ஆன ஊர் வேறு எதைக் கேட்கும்.

கட்டடத்தைக் கொண்டுவந்தவள் சீனியம்மாள் மகள் வெயிலுகந்தாள் என்பது அன்று மத்தியானத்துக்குள் தெரிந்துபோயிற்று. வெயிலு மதுரைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. கடைசி வருஷம். பரீட்சை எல்லாம் எழுதி முடித்துவிட்டாள், எல்லாவற்றிலும் தேறியும்விட்டாள், பாக்கி இருந்தது நாலே நாலு கிரெடிட். ஏதாவது ஒரு கம்பெனியில் நாற்பத்தைந்து நாள் இன்டர்ன்ஷிப் இருந்து, என்ன செய்தோம் என்று ஒரு அறிக்கை எழுதி, கம்பெனி சர்டிபிகேட்டோடு ஜூன் முப்பதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்குள் துறையில் ஒப்படைத்தால் அந்த நாலு கிரெடிட் கிடைக்கும், பட்டமும் கிடைக்கும். ஒப்படைக்காவிட்டால் இரண்டு வருஷப் படிப்பும் ஆற்றில் கரைத்த புளிதான். கூடப் படித்தவர்களுக்குச் சித்தப்பா கம்பெனி இருந்தது, மாமாவின் சிநேகிதர் கம்பெனி இருந்தது, அப்பாவுக்குத் தெரிந்த ஆடிட்டர் இருந்தார். வெயிலுக்கு அப்பாவே இல்லை. அம்மா நூற்பாலையில் பதினாலு வருஷம் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் மிஷின் ஓட்டி, ஆலை மூடின பிறகு விருதுநகர் பருப்பு மில்லில் தரையில் குந்தி உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி மாதத்திலிருந்து வெயிலு விண்ணப்பம் போட்டாள். முதல் நாற்பது விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதினாள், ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆங்கிலம்தான் சரியில்லையோ என்று அடுத்த முப்பத்தொன்றைத் தமிழில் எழுதினாள், அதற்கும் இல்லை. நேரில் போன இடங்களில் கேட்டில் நின்ற செக்யூரிட்டி பயோடேட்டாவை வாங்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டார், அந்தப் பெட்டியில் ஏற்கெனவே கழுத்துவரை பயோடேட்டா இருந்தது. ஒரு இடத்தில் மாடிவரை கூப்பிட்டார்கள். யார் சொல்லி வந்தீங்க என்று கேட்டார்கள், யாரும் சொல்லவில்லை என்றாள், சரி என்று அனுப்பிவிட்டார்கள். இல்லை என்று யாராவது எழுத்தில் சொல்லியிருந்தால்கூட அவள் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கும். எழுபத்தொரு கல்லைக் கிணற்றில் போட்டு எழுபத்தொரு தடவையும் சத்தம் வராமல் இருந்தால் மனுஷி என்ன செய்வாள்.

இன்டர்ன்ஷிப் பொறுப்பில் இருந்த பேராசிரியர் தேவசகாயம் கெட்டவர் இல்லை, அவரும் அவளுக்காக ஒன்பது கம்பெனிக்குப் போன் போட்டுப் பார்த்தவர்தான்; ஆனால் மே பதினாறாம் தேதி அவர் பட்டியலை மூடியாக வேண்டும். ஐம்பத்தொன்பது பேர் படிவம் கொடுத்துவிட்டார்கள், உன்னோடதுதான் இல்லை, ஐந்து மணிக்குள் எதையாவது கொண்டுவாம்மா என்று வெள்ளைப் படிவம் ஒன்றை நீட்டினார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வெயிலு அதை நிரப்பினாள். ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. முங்குகிறவன் தண்ணீரையே பிடித்துக்கொண்டு ஏறப் பார்ப்பானே, அப்படித்தான். கம்பெனியின் பெயர் என்ற இடத்தில், ஊர்க் கண்மாய்க் கரையில் நிற்கிற ஏழு கன்னிமாரை வேண்டிக்கொண்டு, கன்னிமார் அசோசியேட்ஸ் என்று எழுதினாள். முகவரியில் மனை எண் பதினான்கு, முள்ளிக்கரைத் தொழிற்பேட்டை. மேலாளர் ஆர். உத்தண்டராமன். தொடங்கும் நாள் மே பதினேழு, முடியும் நாள் ஜூன் முப்பது. கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு வந்தபோது அவள் மண்டைக்குள் ஒன்றுமே இல்லை, நாலு மாசமாக அவள் ஏங்கின ஒரே ஒரு பொருள்தான் இருந்தது, அதை எழுதினாள்: பதில் எழுதுதல்.

மறுநாள் காலையில் ஊர்ச் சத்தம் கேட்டு ஓடிப்போய் அவள் கேட்டில் நின்றபோது காவலாளி வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். முதல் வரியில் வெயிலுகந்தாள் என்று ஒரு எழுத்துப் பிசகாமல் முழுப் பெயரும் இருந்தது. அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு ஊர் அந்தக் கட்டடத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டது எப்படியென்றால், மழை பெய்தால் நிலம் எடுத்துக்கொள்ளுமே, அப்படி. கிராம நிர்வாக அலுவலர் சர்வேயரோடு வந்து அளந்தார். வெளியே அளந்தால் இரண்டடி, உள்ளே ஹாலை அளந்தால் நாற்பது அடி. சர்வேயர் இரண்டையும் அப்படியே எழுதிக்கொண்டு, தன் தங்கச்சி மகனுக்கு ஒரு இடம் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார். மின்வாரியத்துக்காரர் போர்டில் பெயர் இருக்கிறது, கதவு எண் இருக்கிறது, அப்புறமென்ன என்று மீட்டரை மாட்டினார். பெண்கள் கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டு முதல் செவ்வாய்க்கிழமை கேட்டுக்கு முன்னால் பொங்கல் வைத்துக் கேட்டுக்கு மஞ்சள் குங்குமம் பூசினார்கள், காவலாளி தடுக்கவில்லை. விருதுநகர் ஷேர் ஆட்டோக்கள் பதினாலாம் நம்பர், பதினாலாம் நம்பர் என்று கூவத் தொடங்கின. மேலாளர் உத்தண்டராமனை மட்டும் யாரும் பார்த்ததில்லை. அவருடைய அறையில் காலி நாற்காலியும் மேஜையும் இருந்தன, முதல்நாள் வைத்த காகிதத்தில் மறுநாள் கையெழுத்தும் சீலும் இருக்கும், சனிக்கிழமை ஆளுக்கொரு பழுப்புக் கவரில் சம்பளம் இருக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் மேனேஜர் ஐயா மதுரைக்குப் போயிருக்காக என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் சொன்னவர்களே நம்பிவிட்டார்கள்.

முப்பத்தெட்டுப் பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள். நூற்பாலையில் தொழிற்சங்கத் தலைவராக இருந்து, ஆலை மூடின பிறகு ஒன்பது வருஷமாகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நடந்துகொண்டிருந்த இருளப்பன், கடிதம் பிரிக்கும் பகுதிக்கு மேற்பார்வையாளர் ஆனார். சீனியம்மாளும் சேர்ந்தாள். அவளுக்குச் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று கொடுத்தார்கள். மூன்று நாள் அதன் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள், நாலாம் நாள்தான் முதுகைச் சாய்த்தாள், சாய்த்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். உளுந்துக்கு முன்னால் குந்திக் குந்தி வீங்கிப்போயிருந்த முழங்கால் ஒரு வாரத்தில் வற்றியது.

வேலை என்னவென்றால், விடியுமுன்பே கீழ்த்தளத்தில் சாக்குச் சாக்காய்க் கடிதங்கள் வந்து கிடக்கும். எல்லாம் விண்ணப்பங்கள், எல்லாம் பதில் வராதவை. யாரோ எந்த வருஷத்திலோ எந்த ஊரிலிருந்தோ எந்த ஆபீசுக்கோ போட்டவை. டைப்பிஸ்ட் வேலைக்கு, கண்டக்டர் வேலைக்கு, சத்துணவுக்கூட உதவியாளர் வேலைக்கு. முதல் நாள் யாருக்கும் என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. தருவதற்கு வேலை கிடையாது, பொய் சொல்லவும் கூடாது. வெயிலுதான் யோசித்துச் சொன்னாள், முழுசாகப் படிப்போம், படித்ததை எழுதுவோம் என்று. அதிலிருந்து அவர்கள் எழுதிய பதில்கள் இந்த மாதிரி இருந்தன: உங்கள் விண்ணப்பம் கிடைத்தது. முழுவதும் படித்தோம். தட்டச்சில் இரண்டு தாளும் முதல் வகுப்பில் தேறியிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டோம். உங்களுக்குத் தர எங்களிடம் வேலை இல்லை. தாமதத்துக்கு வருந்துகிறோம்.

அவ்வளவுதான், ஆனால் அந்தப் பதில்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஏதேதோ நடந்தது. சாத்தூரில் ஒரு பெரியவர், முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் போட்ட விண்ணப்பத்துக்கு வந்த பதிலைக் கண்ணாடி போட்டு மாட்டினார் என்றார்கள். கோவில்பட்டியிலிருந்து ஒருத்தர் நேரே கிளம்பி வந்து கேட்டில் நின்று, இப்பத்தான் கண்ணு தெரிஞ்சதா உங்களுக்கு என்று தொண்டை வற்றுகிற வரைக்கும் ஏசினார். சீனியம்மாள் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள், குடித்துவிட்டு மதில் நிழலில் படுத்து நாலு மணிவரை தூங்கி எழுந்து பஸ் ஏறிப் போனார். பன்னிரண்டாம் நாள் பேராசிரியர் தேவசகாயம் சோதனைக்கு வந்தார். ஒருக்களித்து உள்ளே நுழைந்தார், மூன்று மாடியும் ஏறிப் பார்த்தார், பதிவேட்டில் திருப்தி என்று எழுதினார், போகும்போது இருளப்பனைத் தனியே கூப்பிட்டு, தொண்ணூற்றாறில் தேவசகாயம் என்று ஒருத்தன் ஒரு வங்கிக்குப் போட்ட விண்ணப்பம் இங்கே வந்தால் கொஞ்சம் பாருங்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டார்.

முப்பத்தொன்றாம் நாள் வந்த சாக்கில் வெயிலுவின் விண்ணப்பங்கள் இருந்தன. அது சீனியம்மாள் மேஜைக்கு வந்த சாக்கு. மகள் அப்போது மாடியில் இருந்தாள். சீனியம்மாள் எட்டாவது படித்தவள், ஆங்கிலத்தில் இருந்த நாற்பதை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழில் இருந்த முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கியவை பத்துப் பன்னிரண்டுக்கு மேல் தெய்வத்திரு ஐயா என்று தொடங்கின, அந்த வார்த்தை செத்தவர்களுக்குப் போடுவது என்பதுகூட மறந்துபோகிற அளவுக்கு மகள் எழுதி எழுதிக் களைத்திருந்தாள். சம்பளம் வேண்டாம் என்று ஒன்றில் இருந்தது. உட்கார இடம் வேண்டாம், நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன் என்று ஒன்றில் இருந்தது. ஆபீஸ் கூட்டிப் பெருக்கவும் சம்மதம், சர்டிபிகேட் மட்டும் கொடுத்தால் போதும் என்று கடைசியில் இருந்தது. சீனியம்மாள் அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. எழுபத்தொன்றையும் அடுக்கி நூல் போட்டுக் கட்டி, ஒன்றுக்கும் பதில் எழுதாமல், தன் மேஜை இழுப்பறையில் வைத்து மூடினாள். மகளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வாரத்தில்தான் இருளப்பன் சுவரில் தொங்கின தேதி கிழிக்கிற காலண்டரை உற்றுப் பார்த்தார். சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்குக் காலண்டரின் கனம் கையிலேயே தெரியும். ஜூன் நடுவில் அது ஆறு மாசக் கனம் கனக்க வேண்டும், இதுவோ அப்பளம் மாதிரி இருந்தது. தாளைத் தூக்கிப் பார்த்தார். ஜூன் முப்பதுக்குப் பின்னால் வெறும் அட்டை. ஹாலில் முப்பத்தெட்டுப் பேரும் வரிசையாக வந்து தூக்கிப் பார்த்துவிட்டுப் போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடின அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள்.

சும்மா இருக்கவில்லை அவர்கள். சிவகாசியிலிருந்து தடியாக ஒரு காலண்டர் வாங்கிவந்து மாட்டினார்கள், மறுநாள் காலையில் ஜூன் முப்பதுக்குப் பிந்தின தாளெல்லாம் தரையில் உதிர்ந்து கிடந்தது. உத்தண்டராமன் மேஜையில் மனு வைத்தார்கள், கையெழுத்து வந்தது, ஆனால் மனுவில் எழுதினதற்குப் பதில் எதுவும் இல்லை. கன்னிமாருக்குக் கிடா வெட்டினார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு இருளப்பனும் ஏழெட்டுப் பேரும் சீனியம்மாள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார்கள். அவர் யோசித்து வைத்திருந்தது நேரானது: கம்பெனி வந்தது பிள்ளையின் இன்டர்ன்ஷிப்புக்காக, அது முடிந்தால் கம்பெனி போகும், முடியாவிட்டால் போகாது.

"தாயி, நீ படிச்ச பிள்ள, ஒனக்கு நாங்க சொல்றதுக்கில்ல," என்றார். "அந்த அறிக்கைய மட்டும் ஒப்படைக்காம வச்சிக்கிட்டா என்ன ஆகும்னு வாத்தியாரக் கேட்டுப் பாரேன். கேட்டுத்தான் பாரேன்."

வெயிலு மதுரைக்குப் போய்க் கேட்டாள். தேவசகாயம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒப்படைக்காவிட்டால் பட்டியலில் முடிக்கவில்லை என்று போடுவேன், அடுத்த வருஷம் ஜூனியர்களோடு சேர்ந்து மறுபடி நாற்பத்தைந்து நாள் போக வேண்டும், அதோடு சரி, மூன்றாவது வாய்ப்பு பல்கலைக்கழக விதியில் கிடையாது என்றார். அதுவரைக்கும் இந்த இன்டர்ன்ஷிப் முடியாததாகவே இருக்குமா சார் என்று கேட்டாள். ஏட்டில் முடியாததாகவேதான் இருக்கும் என்றார். பிறகு, அவள் எழுந்து கதவுவரை போன பின்னால், எனக்குப் பதில் வந்ததும்மா என்றார். அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தன்னுடைய ஒரு வருஷம் ஒரு பக்கம், முப்பத்தெட்டு வீட்டு அடுப்பு மறுபக்கம். ஒரு வருஷம் பட்டமில்லாமல், அதற்குள் வேலை கிடைத்தாலும் போக முடியாமல், அடுத்த வருஷம் வேறு கம்பெனி கிடைக்காவிட்டால் என்றைக்கும் பட்டமே இல்லாமல். திருமங்கலம் தாண்டுகிறபோது அழுதாள், பக்கத்து சீட்டு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கள்ளிக்குடி தாண்டுகிறபோது முடிவு செய்துவிட்டாள். முள்ளிக்கரையில் இறங்கியதும் ஸ்டாப்பில் காத்திருந்த இருளப்பனிடம், ஒப்படைக்கல மாமா என்று சொன்னாள். ஊர் தேங்காய் உடைத்தது. யார் யாரோ வந்து அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். வீட்டில் சோறு போடும்போது சீனியம்மாள், ஒனக்குச் சம்மதமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"நீ சாஞ்சு உக்காந்திருக்கத நான் மாடியிலருந்து பாப்பேம்மா," என்றாள் வெயிலு. "அது இருக்கட்டும்."

சீனியம்மாள் அகப்பையைக் குழம்புச் சட்டியில் போட்டுவிட்டு வெளியே போய் வெகுநேரம் நின்றாள்.

இருபத்தொன்பதாம் தேதி வெயிலுவின் மேஜையில் சர்டிபிகேட் வந்து கிடந்தது, உத்தண்டராமன் கையெழுத்தோடு, சீலோடு. எழுதி முடித்து ஸ்பைரல் போட்டு வைத்திருந்த அறிக்கைக்குள் அதைச் செருகி வீட்டு பீரோவில் துணிக்கு அடியில் வைத்தாள். ஜூன் முப்பது காலையில் சீனியம்மாள், பருப்பு மில்லில் போன மாசத்துப் பாக்கி இருக்கிறது, வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று ஒயர் கூடையோடு பஸ் ஏறினாள். கம்பெனியில் எல்லோரும் வேலை பார்த்தார்கள், ஆனால் ஒரு கண் கடிகாரத்தில் இருந்தது. ஐந்து மணி தாண்டினால் பிழைத்தோம் என்பது பேச்சு.

நாலு ஐம்பதுக்குக் கீழ்த்தளத்துச் சாக்குகள் லேசாயின. நாலு ஐம்பத்திரண்டுக்கு மாடிப்படி ஒவ்வொன்றாகக் குறைந்தது. இடிபாடோ சத்தமோ இல்லை, நெரிசலான பஸ்ஸில் ஒருத்தருக்கு இடம் விட்டு நாம் ஒதுங்குவோமே, அப்படிச் சுவர்கள் மெல்ல ஒதுங்கி நெருங்கி வந்தன. அலறவும் இல்லை யாரும். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஷிப்டு முடிந்தவர்கள் போல வரிசையாக வெளியே வந்தார்கள். வெயிலு கடைசியாக வந்தாள், ஒருக்களித்துத்தான் வர முடிந்தது. திரும்பிப் பார்த்தால் ஐஸ் கம்பெனிச் சுவர், மதில், நடுவில் சந்து. காவலாளியும் இல்லை. அவள் வீட்டுக்கு ஓடி பீரோவைத் திறந்து துணிக்கு அடியில் கையை விட்டாள், வெறும் பலகை தட்டுப்பட்டது.

ஏழரை மணி பஸ்ஸில் சீனியம்மாள் இறங்கியபோது ஸ்டாப்பில் ஊரே நின்றது. இருளப்பன் கேட்டார், நீயா கொடுத்தே சீனி என்று.

"ஆமா," என்றாள் அவள். "எம்பிள்ள எழுதுன கடுதாசி முப்பத்தொண்ணு படிச்சேன். கூட்டிப் பெருக்கவும் சம்மதம்னு எழுதியிருக்கா. இன்னும் ஒரு வருசம் அவள அப்பிடி எழுத விட எனக்கு மனசு வரல. என்னய என்ன செய்யணுமோ செஞ்சிக்கங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. இருளப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், மற்றவர்கள் பின்னால் போனார்கள். அதற்கப்புறம் கடையில் சாமான் கொடுத்தார்கள், குழாயில் தண்ணீர் விட்டார்கள், பேச்சு மட்டும் இல்லை. விசேஷ வீட்டுக்காரர்கள் வரிசையாகப் பத்திரிகை வைத்துக்கொண்டு வந்து, அவர்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டில் வைத்தார்கள். எல்லாவற்றையும்விடக் கொடுமை, மகளும் அம்மாவிடம் பேசவில்லை. பதினோரு நாள். என் வாழ்க்கையைக் கொடுத்துவிட்டு என் மானத்தை வாங்கிக்கொண்டாயே என்று கேட்க அவள் வாய்வரை வந்தது, அம்மா மறுபடியும் பருப்பு மில்லுக்குப் போகக் சுவரைப் பிடித்து எழுந்ததைப் பார்த்தபோது அது உள்ளேயே போய்விட்டது. பன்னிரண்டாம் நாள் தேவசகாயம் போன் பண்ணி நாலு கிரெடிட்டும் ஏறிவிட்டது, நீ பாஸ் என்றார். வெயிலு போனை வைத்துவிட்டு, எம்மா என்று கூப்பிட்டாள். சீனியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பட்டம் வந்தது. வேலை உடனே வரவில்லை, ஐப்பசியில்தான் விருதுநகரில் ஒரு பார்சல் ஆபீசில் கணினியில் பில் போடுகிற வேலை கிடைத்தது, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. ஆனால் கம்பெனி போனாலும் அதன் கடிதங்கள் போகவில்லை. வாரத்துக்கு ஒரு சாக்கு, இரண்டு சாக்கு, சந்துக்குள் வந்து கிடந்தன. மழையில் நனைந்தன, ஆடு மேய்ந்தது. சீனியம்மாளால் அதைப் பார்த்துக்கொண்டு போக முடியவில்லை. மில் விட்டு வருகிற வழியில் சந்துக்குள் இறங்கி, கல்லின் மேல் உட்கார்ந்து, நாலு கடிதம் ஐந்து கடிதம் படித்துத் தபால் கார்டில் பதில் எழுதிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலுவும் போனாள். தை மாசத்தில் ஒருநாள் இருளப்பன் மதிலோரமாக வந்து நின்றார். பேசவில்லை. ஒருக்களித்து உள்ளே வந்தார், எதிரே குந்தினார், ஒரு கடிதத்தை எடுத்துப் பிரித்து, கண்ணை இடுக்கி, இது யாரு கையெழுத்து, கோழி கிண்டுன மாதிரி என்றார். ஏழு மாசத்துக்குப் பிறகு ஊர் அந்த வீட்டோடு பேசின முதல் வார்த்தை அதுதான். பிறகு இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். கட்டடத்தை மறுபடி வரவழைக்க வெயிலு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்தாள், தேதி போட்டுப் பார்த்தாள், அசையவில்லை. பட்டம் வாங்கினவள் எழுதினால் அது வெறும் எழுத்துத்தான் போலிருக்கிறது என்றார் இருளப்பன், கோபமில்லாமல்.

அடுத்த மே மாதம் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு கடிதத்தை வெயிலு பிரித்தாள். பழைய கடிதம் இல்லை, மை காயாதது மாதிரி இருந்தது. இதுவரை வந்த எந்தக் கடிதத்திலும் இல்லாத ஒன்று அதில் இருந்தது: பெறுநர் கன்னிமார் அசோசியேட்ஸ், மனை எண் பதினான்கு. எழுதியிருந்தவள் பெயர் நூர்ஜமீலா, ராமநாதபுரம் பக்கம், எம்.பி.ஏ. மாணவி. ஐம்பத்திரண்டு கம்பெனிக்கு எழுதிவிட்டேன், ஒருவரும் பதில் போடவில்லை, எங்கள் தெருவில் ஒருவருக்கு உங்கள் கம்பெனியிலிருந்து மட்டும் பதில் வந்தது என்று கேள்விப்பட்டேன், நாற்பத்தைந்து நாள் இன்டர்ன்ஷிப் தர முடியுமா, நாளை மாலை ஐந்து மணிக்குள் படிவம் கொடுக்க வேண்டும், முடியாது என்றாலும் ஒரு வரி சொல்லுங்கள் என்று எழுதி, கீழே போன் நம்பர் போட்டிருந்தாள்.

வெயிலு அதைச் சத்தமாகப் படித்தாள். சந்துக்குள் இருந்த ஏழு பேரும் கையிலிருந்ததை வைத்துவிட்டார்கள்.

இருளப்பன் அந்த நம்பரைப் பார்த்தார், அப்புறம் மதிலைப் பார்த்தார். "வரச் சொன்னா, கட்டடம் வருமா?"

"தெரியாது மாமா."

"வரலைன்னா?"

வெயிலு போனை எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் மூச்சை அடக்கிக்கொண்டு ஹலோ என்றது. வெயிலு, கன்னிமார் அசோசியேட்ஸிலிருந்து பேசுகிறேன், உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, முழுவதும் படித்தோம் என்றாள். அதற்கடுத்த வழக்கமான வரியை அவள் விட்டுவிட்டாள். பிறகு படிவத்தில் எங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து சேருங்கள் என்றாள். அந்தப் பக்கத்தில் அழுகிற சத்தம் கேட்டது. போனை வைத்தாள்.

ஐஸ் கம்பெனிச் சுவர் நாளெல்லாம் குடித்த வெயிலைக் கக்கிக்கொண்டிருந்தது. சீனியம்மாள்தான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கட்டடம் வருதோ வரலையோ, பிள்ள வருமில்ல," என்றாள். "இந்த வெயில்ல எங்க உக்காரும். மேல நாலு கீத்தாவது போட்டு வைப்போம்."

இருளப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கம்பு வெட்டக் கண்மாய்ப் பக்கம் நடந்தார், மற்ற ஆண்கள் கீற்றுக்கும் கயிற்றுக்கும் ஊருக்குள் போனார்கள். இருட்டுமுன் இரண்டடி அகலத்தில் ஒரு பந்தல் நின்றது.